எந்த இடத்தில் அழுகை வருகிறது? – இசை கேள்வி பதில்

இந்த மாதம் கிரேடு தேர்வு, பழைய பியானோ வாங்கலாமா போன்ற கேள்விகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டேன். பட்டர்வொர்த்திலிருந்து ஒரு மாணவி எழுதிய கடிதத்தைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது, அதனால் அதோடு சேர்ந்து போகிற கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முப்பது வருடமாக ஜார்ஜ்டவுனில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். வாசித்து முடித்த பிறகு, வாசித்ததில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து பேசுவதுதான் இன்றைக்கும் எனக்கு மிகவும் பிடித்த நேரம்.

டீச்சர், நான் பல்கலைக்கழகத்தில் இசையில் ஹானர்ஸ் பட்டம் படிக்கிறேன், மூன்றாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் மேற்கத்திய இசை எப்படிப் பொருள் தருகிறது என்று ஒரு பாடம். ஆங்கில இசையமைப்பாளர் பர்செல்லின் ஓபராவில் (இசை நாடகத்தில்) ராணி டைடோ சாகும் முன் பாடும் புலம்பலைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ‘மனதை உருக்குகிறது’ என்று நான் எழுதிய இடத்திலெல்லாம் விரிவுரையாளர் ‘எங்கே?’ என்று மட்டும் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்தம் ஒன்பது ‘எங்கே’. உணர்ச்சியை எப்படி டீச்சர் நிரூபிப்பது? தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த எனக்கு இது எட்டாத பாடமோ என்று பயமாக இருக்கிறது.
– மாணவி, பட்டர்வொர்த்

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்த ஒன்பது ‘எங்கே’தான் உங்கள் பாடமே.

உங்களுக்கு அழுகை வந்ததை அவர் சந்தேகப்படவில்லை. வந்திருக்கும், எனக்கும் வரும். எந்த இடத்தில் வந்தது, அந்த நேரத்தில் சுரங்கள் என்ன செய்துகொண்டிருந்தன, இன்னொருவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதைத்தான் கேட்கிறார்.

சரி, கீபோர்டு பக்கம் போய் உட்காருங்கள். இடது கையால் ஜி கட்டையை அழுத்துங்கள். அடுத்து அதை ஒட்டிக் கீழே இருக்கும் எஃப் ஷார்ப். அப்புறம் எஃப், ஈ, ஈ ஃபிளாட், டி. ஆறு கட்டைகள், நடுவில் எதையும் தாண்டாமல், ஒவ்வொன்றிலும் நின்று நின்று. இதுதான் அந்தப் பாட்டின் அடித்தளம். ஐந்து பார் (தாளக் கட்டம்) நீளமுள்ள ஒரு பேஸ் வரி, அதாவது அடியில் ஓடும் கீழ்ச்சுர வரி, இந்த இறக்கத்தோடு தொடங்கி, கடைசியில் ஜி-க்குத் திரும்பி, மறுபடியும் முதலிலிருந்து இறங்கும். பாட்டு முழுக்க அதே வரிதான், நிற்பதே இல்லை. டைடோ சாகப்போகிறாள் என்று மேடையில் யாரும் சொல்லத் தேவையில்லை, அந்தப் பேஸ் எங்கே போய் முடியும் என்று இரண்டாவது சுற்றிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இனி வலது கைப் பக்கம், அதாவது அவள் குரல். பேஸ் வரி முடிகிற இடத்தில் அவள் வாக்கியம் முடிவதில்லை. கீழே ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும்போது அவள் இன்னும் பாதி வாக்கியத்தில் இருக்கிறாள், அந்தச் சுற்றுக்குள் அடங்க மாட்டேன் என்று முட்டிக்கொண்டே போகிறாள். அதன்பின் ‘என்னை நினைத்துக்கொள்’ என்று வரும் இடம். அங்கே மெட்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது, ஒரே சுரத்தில் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கீழே எல்லாம் சரிந்துகொண்டே இருக்கும்போது ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், உங்களுக்குத் தொண்டை அடைத்தது அநேகமாக அங்கேதான். அவள் பாடி முடித்த பிறகு வயலின்கள் அதே இறக்கத்தை மேலே எடுத்து வாசிக்கின்றன. ‘மனதை உருக்குகிறது’ என்பதை அடித்துவிட்டு இதை எழுதுங்கள், பார் எண்களோடு.

இது முதல் பாதிதான். இறங்கினால் ஏன் துக்கம்? இங்கேதான் நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்ததைக் குறையாக நினைக்கிறீர்கள், எனக்கு அது பெரிய பலமாகத் தெரிகிறது. கெடாவில் தோட்டத்தில் இருந்த என் பாட்டி ஒப்பாரி வைக்கும்போது ஒவ்வொரு வரியும் உச்சத்தில் எடுத்து, இறங்கி இறங்கி, கடைசிச் சொல்லில் மூச்சோடு உடையும். சிறு பிள்ளையாக அவர் மடியருகில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன், அவர் முதுகும் அந்த வரியோடு சேர்ந்து குனியும். அந்த உடம்பின் சரிவைத்தான் பேஸிலும் கேட்கிறோம் என்று வாதாடலாம்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பத்தாவது ‘எங்கே’ வரும். அந்த ஆறு கட்டைகளில் இடையில் வரும் எஃப் ஷார்ப்பையும் ஈ-யையும் விட்டால் ஜி, எஃப், ஈ ஃபிளாட், டி என்று நான்கு சுரம்தான். அப்படி நான்கு சுரம் இறங்கும் வரியை ஸ்பெயினின் ஃபிளமெங்கோ இசையில் ஆட்டத்துக்கும் வாசிக்கிறார்கள், அங்கே யாரும் அழுவதில்லை. அப்படியென்றால் உடம்பு மட்டும் காரணமாக இருக்க முடியாது, பழக்கமும் இருக்கிறது. இத்தாலிய இசையமைப்பாளர் மான்டிவெர்டி 1638-இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு பெண்ணின் புலம்பலை முழுக்க இப்படி இறங்கும் நான்கு சுரத்தின் மேல் கட்டினார். வெனிஸ் நகர ஓபராக்களில் அது புலம்பலுக்கென்றே ஓர் அடையாளமாக நிலைத்துவிட்டது. இசை ஆய்வாளர் எலன் ரோசாண்ட் 1979-இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டுகிறது, தேடிப் படியுங்கள். 1680-களில் பர்செல் அந்த வரியைக் கையில் எடுக்கும்போது அதற்கு அரை நூற்றாண்டு வயதாகிவிட்டது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக், பி மைனர் மாஸ் என்ற தன் கிறிஸ்தவ வழிபாட்டு இசையில், இயேசுவைச் சிலுவையில் அறைகிற பகுதியை அதே மாதிரி இறக்கத்தின் மேல்தான் அமைத்தார். இதெல்லாம் தெரிந்த காது, முதல் ஆறு சுரத்திலேயே ‘ஓ, ஒப்பாரி’ என்று புரிந்துகொள்ளும்.

உடம்பு, பழக்கம், அந்தக் குறிப்பிட்ட பாட்டில் குரலும் பேஸும் ஒன்றோடொன்று மோதும் விதம், இந்த மூன்று இழையும் உங்கள் கட்டுரையில் இருக்கட்டும். எட்டுப் பக்கம் வேண்டாம், ஐந்து போதும்.

ஐகான், இண்டெக்ஸ், சிம்பல் என்று மூன்றையும் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனால் ஒரு இசையைக் கேட்டு எது எது என்று சொல்லச் சொன்னால் விழிக்கிறேன்.
– மாணவர், செந்தூல், கோலாலம்பூர்

இவை அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்ல்ஸ் பர்ஸ் வகுத்த குறி வகைகள், இசைக்காக அவர் செய்ததில்லை. அதனால்தான் பாடப்புத்தகத்தில் படிக்கும்போது ஒட்டாமல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓசையைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மறக்காது.

ஐகான், அதாவது ஒப்புமையால் வரும் பொருள். ஷூபர்ட் 1814-இல், பதினேழு வயதில், கதேயின் ஃபௌஸ்ட் நாடகத்திலிருந்து, கிரெட்சென் என்ற பெண் ராட்டை நூற்றுக்கொண்டே பாடும் பாட்டுக்கு இசையமைத்தார். பியானோவில் வலது கை ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவது ராட்டை, இடது கையில் விட்டு விட்டு வரும் தாளம் மிதிகட்டை. மனம் போனவனை நினைத்துக்கொண்டே நூற்கிறாள். அவன் நடை, அவன் சிரிப்பு, அவன் கைப்பிடி என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சுரம் ஏறுகிறது, ‘அவன் முத்தம்’ என்ற சொல் வந்ததும் பியானோ நின்றுவிடுகிறது. ராட்டை நின்றுவிட்டது. அவள் கை நின்றதை நமக்கு யாரும் சொல்லவில்லை, அந்த மௌனம்தான் சொல்கிறது. பிறகு அந்தச் சுழற்சி தயங்கித் தயங்கி, விட்டு விட்டுத் தொடங்கி, மறுபடி ஓடுகிறது. எனக்கு இந்தப் பாட்டில் அந்தத் தயக்கம்தான் முத்தத்தைவிடப் பெரியது. அவள் மறுபடியும் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறதே.

இண்டெக்ஸ் என்பது தொடர்பால் வரும் பொருள், புகையைப் பார்த்து நெருப்பு என்பது போல. எங்கள் ஊரில் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் பக்கம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். பள்ளிவாசலிலிருந்து பாங்கு, மாரியம்மன் கோயில் மணி, தேவாலய மணி. மணி ஓசை பூஜையைப் போல் இருப்பதில்லை, பூஜை நடக்கும் இடத்தில் அடிப்பதால் பூஜையைச் சொல்கிறது. தைப்பூசத்தில் உறுமி மேளம் கேட்டதும் காவடி வருகிறது என்று எட்டிப் பார்க்கிறோமே, அதுவும் இதுதான்.

சிம்பல் என்பது நாம் எல்லோரும் ஒத்துக்கொண்டதால் வரும் பொருள். நெகாராகூ ஒலித்தால் எழுந்து நிற்கிறோம். அந்த மெட்டு 1957-க்கு முன்பே பேராக் மாநிலப் பண்ணாக இருந்தது, ‘தெராங் புலான்’ என்ற காதல் பாட்டாகவும் ஊரெல்லாம் பாடப்பட்டது. சுரங்கள் மாறவில்லை, நாடு அதை ஏற்றுக்கொண்டதும் பொருள் மாறிவிட்டது. ஆனால் பொருள் முழுவதும் ஒப்பந்தம்தான் என்றும் முடிவு கட்டாதீர்கள். தொண்ணூறுகளில் அதன் நடையை வேகமாக்கினார்கள், பலருக்கு மனம் ஒப்பவில்லை, பின்னர் பழைய நிதானத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்த நிதானத்தில் ஒரு நிமிர்ந்த நடை இருக்கிறது, அது ஐகான். ஒரே பண்ணில் சிம்பலும் ஐகானும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. தேர்வில் ‘இது எந்த வகை’ என்று கேட்டால் ஒன்றைச் சொல்லிவிட்டு ஓடிவராமல், எது எந்த அளவுக்கு என்று எழுதுங்கள்.

மைனர் என்றால் சோகம், மேஜர் என்றால் மகிழ்ச்சி என்று சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தார்கள். சரிதானா?
– வாசகர், ஈப்போ

பாதி சரி. ஹாண்டெல் ‘சால்’ என்ற படைப்பில் வைத்த சவ ஊர்வல இசை சி மேஜர். பாக்கின் இரண்டாவது ஆர்கெஸ்ட்ரா சூட்டின் கடைசித் துண்டு பி மைனர், குழல் குதித்து ஓடும். நம் பக்கம் பார்த்தால் மேஜர் அளவு சங்கராபரணம், மைனரில் ஒரு வகை கீரவாணி, இன்னொன்று நடபைரவி. கீரவாணி கேட்டு அழுதுகொண்டே இருந்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

இதற்கு இசை ஆய்வாளர் ராபர்ட் ஹாட்டன் 1994-இல் பீத்தோவனைப் பற்றிய புத்தகத்தில் ஒரு நல்ல வழி காட்டினார். வீட்டில் தட்டில் சோறு போட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, வாழையிலை போட்டால் ‘என்ன விசேஷம்?’ என்று கேட்பார்கள் அல்லவா. மொசார்ட், பீத்தோவன் காலத்தில் மேஜர் தட்டு மாதிரி, எதற்கும் வரும். மைனர் இலை மாதிரி, அது வந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், அநேகமாகத் துயரம். பாக் காலத்தில் மைனர் இவ்வளவு அபூர்வம் இல்லை, அதனால் அங்கே பொருளும் இவ்வளவு குறுகலாக இல்லை. காலத்தைச் சொல்லாமல் ‘மைனர் சோகம்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

கூடவே ஒன்று. கனடாவில் 1999-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்துஸ்தானி ராகமே கேட்டுப் பழகாதவர்களுக்கு ராகங்களைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், கோபம் எது என்று அவர்களால் பெரும்பாலும் சொல்ல முடிந்தது, வேகமும் மெட்டின் சிக்கலும் அதற்குத் துணையாக இருந்தன. மேஜரா மைனரா என்பதற்கு முன்னால் எவ்வளவு வேகம் என்று பாருங்கள்.

என் மகள் இந்தப் படிப்புக்குத்தான் போவேன் என்கிறாள். இசைக்கு அர்த்தம் கண்டுபிடிக்க மூன்று நான்கு வருடமா? ஆஸ்திரேலியாவில் ஹானர்ஸ் தனி வருடம் என்கிறார்கள், இங்கே அப்படி இல்லையே, குழப்பமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, கிள்ளான்

ஐயா, பெயர்க் குழப்பம் முதலில். நம் நாட்டில் பெரும்பாலான இளங்கலைப் பட்டங்களின் பெயரிலேயே ‘டெங்கான் கெபுஜியான்’ என்று சேர்ந்து வரும், அதுதான் ஹானர்ஸ். ஆஸ்திரேலியாவில் பொதுவாக மூன்று வருடப் பட்டத்துக்குப் பிறகு, நல்ல மதிப்பெண் உள்ளவர்கள் தனியாக ஒரு வருடம் ஆய்வேடு எழுதிப் படிப்பது. இரண்டும் ஒரே பெயர், ஒரே பொருள் இல்லை. விண்ணப்பிக்கும் முன் எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் வரிகளுக்கு நடுவே அதுதான் இருக்கிறது. உறுதியான வேலை என்று என்னால் சொல்ல முடியாது. என்னிடம் படித்துவிட்டுப் போனவர்களில் பள்ளி ஆசிரியர்கள், வானொலியில் இருப்பவர்கள், சொந்தமாக இசை வகுப்பு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு விஷயத்தைக் கூர்ந்து கவனித்து, அதை ஆதாரத்தோடு எழுதிக் காட்டத் தெரிந்த பிள்ளை எங்கேயும் தடுமாறாது என்பது என் அனுபவம். முடிவெடுக்கும் முன் ஒரு மாலை அவளோடு இரட்டைக் கோபுரத்தில் இருக்கும் டேவான் ஃபில்ஹார்மோனிக்கில் ஒரு கச்சேரிக்குப் போய் வாருங்கள். திரும்பி வரும் வழியில் காரில் அவளைப் பேச விடுங்கள்.

ஹான்ஸ்லிக் என்பவர் இசைக்குப் பொருளே இல்லை என்று சொல்லிவிட்டாராமே? அப்படியானால் மீதிப் பாடம் எதற்கு?
– மாணவி, ஆயர் ஈத்தாம்

அப்படிச் சுருக்கித்தான் வகுப்பில் காதில் விழும். வியன்னாவில் இசை விமர்சகராக இருந்த எட்வர்ட் ஹான்ஸ்லிக் 1854-இல் எழுதிய சிறிய புத்தகம் அது. இசையின் உள்ளடக்கம், ஒலித்தபடி நகரும் வடிவங்கள்தான் என்றார். இசை கேட்டு யாரும் உருகுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. உருகுவதை வைத்து அந்த இசையின் அழகை விளக்க முடியாது என்றார். இரண்டுக்கும் நிறைய தூரம்.

அவர் காட்டும் உதாரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். குளுக் என்ற இசையமைப்பாளரின் 1762-ஆம் ஆண்டு ஓபராவில், மனைவியை இழந்த ஆர்ஃபியஸ் ‘அவள் இல்லாமல் என்ன செய்வேன்’ என்று பாடுகிறான். கேட்டவர் கண்கள் கலங்கின. ஆனால் அந்த மெட்டு சி மேஜர், அதே மெட்டுக்கு ‘அவளைக் கண்டேன்’ என்ற சொற்களைப் போட்டாலும் அதே அளவு பொருந்துமே, அப்படியென்றால் துயரம் மெட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். மறுபடியும் அதே ‘எங்கே’.

நம்மிடம் இதற்கு இன்னும் பளிச்சென்ற உதாரணம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதச் சொற்கள் போட்டு நோட்டுஸ்வர சாகித்தியங்கள் செய்தார். ‘சந்ததம் பாஹிமாம்’ என்ற கிருதியின் மெட்டு இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் தேசியப் பாட்டின் மெட்டு. மன்னருக்கு எழுந்து நின்ற அதே சுரங்களில் அம்பாளை வேண்டுகிறோம். ஹான்ஸ்லிக் இதைக் கேட்டிருந்தால் தன் பக்கத்துக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

நான் அவரோடு முழுக்க ஒத்துப்போவதில்லை. மன்னர் வாழ்த்து அம்பாள் துதியாக மாறியது சரி, ஆனால் அதைத் தாலாட்டாகவோ கும்மியாகவோ மாற்றச் சொல்லுங்கள், ஒட்டாது. அந்த நிதானம், படிப்படியாக ஏறி மேலே நின்று இறங்கும் அமைப்பு, பெரியவர் முன்னால் நிற்கும் பாவத்தைத் தாங்கும், வேறு பலவற்றைத் தாங்காது. மெட்டு ஒரே ஒரு பொருளைச் சொல்வதில்லை. எந்தெந்தப் பொருள் தன் மேல் உட்காரலாம் என்று அது தேர்ந்தெடுக்கிறது. உங்கள் கட்டுரையில் ஹான்ஸ்லிக்கை எதிர்ப்பதாக இருந்தால் இந்த வழியில் எதிர்த்துப் பாருங்கள். ஜெர்மன் தெரியாவிட்டால் பரவாயில்லை, நல்ல ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு, ஒரு வார இறுதியில் படித்துவிடலாம்.

ஐந்திணை ஒவ்வொன்றுக்கும் தனி யாழ், தனிப் பண் வைத்தவர்கள் நாம். மேற்கத்திய அறிஞர்கள் இப்போது ‘டாபிக்’ என்று பேசுவது இதைத்தானே?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், சுங்கை பட்டாணி

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நெருக்கம் உண்டு, அதே சமயம் அவசரப்படவும் கூடாது.

இசை ஆய்வாளர் லியோனார்ட் ராட்னர் 1980-இல் எழுதிய புத்தகத்தில், பதினெட்டாம் நூற்றாண்டு இசையில் வேட்டைக் கொம்பு, படை அணிவகுப்பு, மினுவெட் நடனம், இடையரின் துருத்திக் குழல் போன்ற ஒலிகள் பொதுச் சொத்தாக இருந்தன என்றார். அப்படிக் கேட்டதும் அடையாளம் தெரியும் ஒலிகளைத்தான் ‘டாபிக்’ என்கிறார்கள். வியன்னாவில் ஒரு மாளிகைக்குள் உட்கார்ந்து கேட்பவருக்கு, ஆறு எட்டுத் தாளத்தில் இரண்டு கொம்பு ஒலித்தால் காடும் குதிரையும் மனதில் வந்துவிடும். நெய்தல் பாட்டில் கடலும் அந்திப் பொழுதும் வந்ததும் தலைவி ஏங்கி நிற்கிறாள் என்று நாம் சொல்லாமலே புரிந்துகொள்வது போல. தொல்காப்பியம் கருப்பொருள் பட்டியலில் தெய்வம், உணவு, பறவை, பறையோடு யாழையும் சேர்த்திருப்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

வேறுபாடு எங்கே என்றால், திணை இலக்கணம் அந்தப் பாடல் மரபுக்குள்ளேயே நூலாக எழுதி வைக்கப்பட்டது. டாபிக் பட்டியலை ஒரு முறையாகத் தொகுத்தது இருநூறு வருடம் கழித்து வந்த ஆய்வாளர்கள். அடுத்தது, கொம்புக்குப் பின்னால் உண்மையான வேட்டைக்காரர்கள் இருந்தார்கள். குறிஞ்சி யாழின் ஓசை இன்று நம் காதுக்கு வருவதில்லை, நூல்கள் சொல்வதை வைத்துத்தான் பேசுகிறோம். ஓதுவார் பழம்பஞ்சுரம் என்ற பண்ணைப் பாடும்போது நாம் கேட்பது சங்கராபரணம். அதனால் ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். ‘இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றொன்றைப் பற்றி என்ன கேட்கிறது’ என்று எழுதுபவருக்குத் தாராளமாகத் தருவேன்.

டாபிக் ஆய்வை 1991-இல் பெரிய அளவில் முன்னெடுத்தவர் கோஃபி அகாவு. கானாவில் பிறந்தவர், மேற்கு ஆப்பிரிக்க இசையைப் பற்றியும் அதே கூர்மையோடு எழுதியவர். பட்டர்வொர்த் மாணவிக்கும் இதைச் சொல்லி வைக்கிறேன். ஐயா, உங்கள் கடிதத்தின் கடைசியில், உங்கள் ஊரில் முன்பு பாடப்பட்ட ஏற்றப்பாட்டும் தாலாட்டும் சில உங்களுக்கு நினைவில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பேரப்பிள்ளையின் கைப்பேசியில் அவற்றைப் பாடிப் பதிவு செய்யுங்கள், எந்த வேலை செய்யும்போது, யார், எந்த நேரத்தில் பாடினார்கள் என்பதையும் உங்கள் குரலிலேயே சொல்லி வையுங்கள். பத்திரிகை முகவரிக்கு அனுப்பினால், அடுத்த மாதம் ஒரு தாலாட்டை எடுத்துக்கொண்டு, அது எந்த இடத்தில் குழந்தையைத் தூங்க வைக்கிறது என்று வரி வரியாகப் பார்ப்போம்.